நினைவு மலர் எழுதப் போகிறீர்களா? முதலில் சிட்டையை எடுங்கள்

எங்கள் நைனா, அதாவது அப்பா, 2023 பிப்ரவரியில் தவறினார். காலையில் உயிர் போனது, சாயங்காலத்துக்குள் வேலூர் மண்டித் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. 'வெல்ல மண்டியின் வள்ளலே, இமயமே சரிந்ததே' என்று பெரிய எழுத்து. கூப்பிய கையோடு நைனா. யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த படத்தை அவசரத்தில் வெட்டியிருந்தார்கள். அவர் தோளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தருடைய அரைத் தோள் அப்படியே இருந்தது. கோபம் வரவில்லை, பாசத்தில் போட்டது. ஆனால் அந்தத் தெருவில் வார்டு கவுன்சிலரிலிருந்து பைனான்ஸ்காரர் வரைக்கும் செத்தவர் அத்தனை பேரும் வள்ளல்தான், அத்தனை பேரும் இமயம்தான். ஃப்ளெக்ஸைக் கழற்றி யாரோ லாரிக்குப் போர்த்தினபோதுதான், ஒரு வருஷத் திதிக்குள் ஒழுங்காக ஒரு மலர் போட்டுவிடணும் என்று அண்ணனிடம் சொன்னேன். "நீதானே பி.காம். படிச்சவ, நீயே எழுது" என்றார்.

எழுதினேன். 32 பக்கம். அதைப் பார்த்துவிட்டு இதுவரை ஐந்து வீட்டார் 'எப்படிம்மா எழுதினே' என்று கேட்டாகிவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை போகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். வியாபாரம் பண்ணின மனுஷர், நாலு பேருக்குக் கொடுத்தவர், வீட்டையும் விட்டுக் கொடுக்காதவர், அப்படி ஒருத்தரைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு இது.

நினைவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் ஒரு நோட்டு வாங்கி உட்கார்ந்தேன். 'அன்பே உருவானவர்' என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரி வரவே இல்லை. வியாபாரி ஒருத்தருடைய வாழ்க்கை அவர் கைப்பட எழுதியே இருக்கிறது. சிட்டை (அன்றாடக் கணக்கு நோட்டு), பேரேடு, பில் கட்டு, லாரி ரசீது என்று எங்கேயாவது பரண் மேல் கிடக்கும். சாக்கில் கட்டியிருப்பார்கள், எலி கொஞ்சம் தின்றிருக்கும். இறக்குங்கள், இரண்டு நாள் நிழலில் காய வையுங்கள். பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் தானாக விடுகிற வரைக்கும் பொறுங்கள். வெல்ல மண்டிக் கணக்கு என்றால் பிசுக்கு வேறு இருக்கும்.

எங்கள் நைனாவின் சிட்டை ஒவ்வொரு பக்கமும் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'லாபம்' என்று ஆரம்பிக்கும். மண்டியில் சிப்பம் (வெல்ல மூட்டை) எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்... ரெண்டு... மூணு...' என்று ராகமாக இழுப்பார்கள். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வண்டி வந்து இறங்கும்போது அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கி எழுந்து வளர்ந்தோம். இதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தச் சொல்லைப் பக்கத்தின் தலையில் பார்த்ததும்தான் சத்தம் திரும்பி வந்தது. மலரின் முதல் வரியும் அதுவாகவே ஆயிற்று.

கணக்கைப் படிக்கும்போது பெரிய தொகையைத் தேடாதீர்கள். சின்ன வரிகளைப் பாருங்கள். நைனா வாரம் ஒரு தடவை ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் வசூலுக்குப் போவார். வரும்போது மக்கன் பேடா வாங்கி வருவார். அவர் இனிப்புப் பிரியர் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். 1979 சிட்டையில் ஒரு வரி: 'ம. பேடா 7. வீடு 6. கணக்கு 1.' நாங்கள் அப்போது வீட்டில் ஏழு பேர். அம்மா, அத்தை, நாங்கள் நாலு பிள்ளைகள் சேர்த்து ஆறு. ஏழாவது கணக்குப்பிள்ளைக்கு. அவருக்கென்று இல்லை. அடுத்த வாரமும் அதே ஏழு. இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், குடும்பப் பாசம் என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து மலரில் போட்டோம்.

தேதிகள்தான் பெரிய தலைவலி. இதில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இங்கேதான் எல்லாரும் தப்பு பண்ணுகிறார்கள்.

பிறந்த தேதியைப் பள்ளிச் சான்றிதழிலிருந்து எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் பிள்ளையின் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் சேர்த்துக்கொண்டு, வாத்தியாரே ஒரு தேதி போடுவார். ஜூனில் சேர்க்கிறதற்குத் தோதாக மே, ஜூன் என்று எழுதிவிடுவார். நைனாவுக்குச் சான்றிதழில் 1.6.1943. ஜாதகத்தில் சுபானு வருஷம் ஐப்பசி, அதாவது அதே 1943ஆம் ஆண்டின் கடைசி. 'தோற்றம்' என்று போடுகிற இடத்தில் ஜாதகத் தேதியைப் போடுங்கள். பென்ஷன், பத்திரம் எல்லாம் வேறு தேதியில் இருந்தால் இருக்கட்டும்.

வயசானவர்கள் தமிழ் வருஷத்தில்தான் சொல்வார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். பிலவ என்றால் 1961-ம் உண்டு, 2021-ம் உண்டு. அதில் குழப்பம் வராது, ஆளைப் பார்த்தாலே எது என்று தெரியும். குழப்பம் வருவது தை, மாசி, பங்குனியில். எங்கள் அத்தை, 'தாத்தா பிலவ வருஷம் தை மாசம் போனாரு' என்றார். அண்ணன் உடனே 1961 என்று எழுதிவிட்டார். பிலவ பிறந்தது 1961 சித்திரையில். அந்த வருஷத்துத் தை 1962 ஜனவரி, பிப்ரவரியில்தான் வரும். ஒரு வருஷம் பிசகினால் 'பதினெட்டு வயசில் தகப்பனை இழந்து' என்ற வரி 'பதினேழு' ஆகிவிடும். பார்க்கச் சின்ன விஷயம், சொந்தக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

திதியும் இங்கிலீஷ் தேதியும் ஒன்றாக வராது என்பதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னே பாருங்கள். நைனா போனது பிப்ரவரி 17, மாசி தேய்பிறை துவாதசி. அடுத்த வருஷம் அதே திதி மார்ச்சில் வந்தது. தினத்தந்தி வேலூர் பதிப்பில் நினைவஞ்சலி விளம்பரம் பிப்ரவரி 17-க்கும், மலர் மார்ச்சில் திதிக்கும் என்று பிரித்துக்கொண்டோம்.

தேதி போடாத பில், லெட்டர்பேடு கிடைத்தால் விலாசத்தைப் பாருங்கள். பின்கோடு இல்லையென்றால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று மட்டும் இருந்தால் 1989-க்கு முந்தி அச்சடித்தது. அந்த வருஷம்தான் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போய், நாம் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆனோம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 'நயா பைசா' என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தி. வீசைக் கணக்கு இருந்தால் அதுவும் பழசு, தாத்தா காலம். ஆனால் எழுத்தில் இருந்தால்தான். வாய்ப் பேச்சில் வீசை ரொம்ப நாள் இருந்தது, நைனாவே 'ஒரு வீசை' என்று சொல்லிவிட்டு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துப் போடுவார். ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய லெட்டர்பேடு தீருகிற வரைக்கும் எந்த வியாபாரியும் புதுசு அடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் வட ஆற்காடு பேடு 1994 வரைக்கும் ஓடியது.

கோட்டைக்குள் எடுத்த குடும்பப் போட்டோ எந்த வேலூர் வீட்டிலும் இருக்கும். பின்னால் ஜலகண்டேஸ்வரர் கோயில், கையில் அர்ச்சனைத் தட்டு என்றால் அது 1981-க்குப் பிந்தி. அதற்கு முன்னால் உள்ளே சாமி கிடையாது. சாமியில்லாக் கோயில், தண்ணியில்லா ஆறு என்று ஊரைக் கிண்டல் பண்ணுவார்களே, அந்தக் காலம். (அந்தக் கிண்டலை மலரில் முன்னுரையாகப் போடாதீர்கள். வேலூர்க்காரர் எழுதுகிற எதிலும் முதல் பத்தி அதுதான்.)

ஆட்களைப் போய்ப் பார்ப்பது அடுத்த வேலை. அதில் வரிசை முக்கியம். முதலில் வயசில் மூத்தவரைப் பாருங்கள், நெருங்கினவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கணக்குப்பிள்ளை தாத்தாவுக்கு 86. பேப்பர், பேனா நீட்டினால் சாட்சி சொல்லக் கூப்பிட்ட மாதிரி வாயை மூடிக்கொள்வார். நான் பழைய பேரேடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "இது உங்க எழுத்தா தாத்தா?" என்றேன். கண்ணாடியை மாட்டினார். "குந்து" என்றார். மூன்று மணி நேரம். போனை ரெக்கார்டிங்கில் போட்டு மடியில் வைத்திருந்தேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

'அவர் எப்படிப்பட்டவர்' என்று கேட்காதீர்கள். 'தங்கமான மனுஷன்' என்பார்கள், அதோடு முடிந்தது. 'கடை தொறந்ததும் மொதல்ல இன்னா பண்ணுவாரு' என்று கேளுங்கள். தாத்தா சொன்னது இது. சாம்பிராணி போடுவதற்கு முன்னாலேயே நைனா ஓர் உருண்டையைக் கையால் உடைப்பார். உள்ளே நிறம் பார்ப்பார். ஒரு துணுக்கை நாக்கில் வைத்து, உப்புக் கரித்தால் முகத்தைச் சுளிப்பார். மிச்சத்தை வாசல் திண்ணைத் தட்டில் வைத்துவிடுவார். போகிற பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும். "நல்லா இல்லாத உருண்டைய ஒரு நாளும் தட்டுல வெச்சதில்ல. அத டீக்குப் போட்டு நாங்க குடிப்போம்." தர்ம குணம் என்று எழுதியிருந்த ஒரு பத்தியை அன்று ராத்திரியே அடித்துவிட்டேன்.

இனி, கொடுத்த கதைகள். இதைத்தான் நான் ஏறக்குறைய கெடுத்துவிட்டேன்.

நைனா மகமை (வியாபாரிகள் தர்மத்துக்கு ஒதுக்குகிற காசு) மாதிரி சிப்பத்துக்கு இத்தனை காசு என்று ஒதுக்கித் தனி நோட்டு வைத்திருந்தார். மேலே 'சாமி கணக்கு' என்றிருக்கும். கோயிலுக்குக் கொடுத்தது அதில் கொஞ்சம்தான். மீதி எல்லாம் 'மூ.பெ. கல்யாணம்', 'ஆஸ்பத்திரி, கொ.பேட்டை', 'பீஸ் 340' என்று அரைகுறை எழுத்து. பெயரே கிடையாது. வராது என்று தெரிந்த விவசாயி முன்பணத்தைக்கூட பேரேட்டில் ஒரு கோடு கிழித்து இந்த நோட்டுக்கு மாற்றியிருப்பார். அண்ணனுக்கு இதையெல்லாம் பெயரோடு போட ஆசை. ஊருக்குத் தெரியட்டும் என்றார். நானும் ஒத்துக்கொண்டு, மூட்டை தூக்குகிற ஒருத்தருடைய மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கிக் கொடுத்த கதையைப் பெயர் சொல்லாமல் எழுதினேன். ப்ரூஃப் வந்தது. அதை மண்டியில் யாரோ படித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் அந்த மகளே வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்கே மகன் கல்யாண வயசு. மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அக்கா, எங்க மாமியார் வூட்ல இது தெரியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தப்பு. பஜாரில் தொழிலையும் வருஷத்தையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். வாங்கினவர் தானாக வந்து 'போடு' என்றால் ஒழியப் போடாதீர்கள். தகப்பன் மறைத்துக் கொடுத்ததைப் பிள்ளை அச்சில் அம்பலப்படுத்த என்ன உரிமை? நாங்கள் கடைசியில் ஒரே வரி போட்டோம்: '1971 முதல் 1998 வரை சாமி கணக்கில் 412 பற்று. வரவு இல்லை.' நோட்டை மலரில் காட்டவில்லை. அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

அதே நோட்டில் இன்னொன்றும் இருந்தது. 1985 ஜூன், 'ஊரிசு காலேஜ் பீஸ் 340', யாரோ ஒரு பையனுக்கு. அந்த ஜூனில்தான் எங்கள் அக்கா ப்ளஸ் டூ முடித்து, 'பொட்டப் புள்ளைக்கு இது போதும்' என்று நைனா நிறுத்தியது. அக்காவின் மார்க் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு நாலு நாள் எழுதவே இல்லை. மறைத்துவிடலாம் என்றுதான் எண்ணம், வருஷத் திதிக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு இது எதற்கு. ஆனால் அக்காவிடம் கேட்காமல் எப்படி? குடியாத்தத்துக்குப் பஸ் ஏறிப் போய் நோட்டைக் காட்டினேன். அக்கா ரொம்ப நேரம் அந்த 340-ஐ விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "போடு. ஆனா அடுத்த வரியில என் பொண்ண அவரே கூட்டினு போயி ஹாஸ்டல்ல சேத்தாரே, அதையும் போடு. ரெண்டும் அவருதான்" என்றார்.

அப்படியே போட்டேன், பேடா கணக்குக்கு எதிர்ப் பக்கத்தில். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். அடிபட்டவர் யாரோ அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பங்காளிச் சண்டை, பழைய பார்ட்னர் கதை, கோர்ட்டு கேஸ் இதெல்லாம் வேறு ரகம். எதிராளி பதில் சொல்ல முடியாத இடத்தில் அதை எழுதக் கூடாது. விட்டுவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி. நான் பார்த்த மலர்களில் பாதியில் மனைவி கடைசிப் பக்கத்தில், 'இவண்' என்று போட்டு வருத்தப்படுகிறவர்கள் பட்டியலில்தான் வருகிறார். ஆரணி ரோட்டில் ஷெல் ஆஸ்பத்திரி இருக்கிறதே, ஊரில் பாதிப் பேர் கண் காட்டின இடம். ஷெல் என்பது ஓர் அம்மாவின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நியூயார்க்கில் பாங்க் நடத்தின ஒருத்தர், செத்துப்போன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக, சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் 10,000 டாலர் கொடுத்தார். அதில் கட்டி 1902-ல் திறந்தது. காசு புருஷனுடையது, பெயர் மனைவியுடையது. நம் வீடுகளில் இது தலைகீழ். பெயர் புருஷனுக்கு, கை மனைவியுடையது. ராத்திரி பதினோரு மணிக்கு வெல்ல வண்டி வந்தால் விவசாயிக்குச் சோறு போட்டவர் என்று நைனாவை ஊரே புகழ்கிறது. உலை வைத்தது யார்? அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். தைப் பட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி போட்டார், குழம்புக்கு முள்ளுக் கத்திரிக்காய் எங்கிருந்து வந்தது, பத்து மாசக் கர்ப்பத்தில் எப்படிக் குனிந்து விறகு தள்ளினார், எல்லாம். மூன்று பக்கம் வந்தது. மலரில் அதிகம் பேர் படித்த பக்கம் அதுதான்.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்கில் இருக்கணும். 16, 24, 32 என்று முதலிலேயே முடிவு பண்ணுங்கள். பழைய போட்டோவைச் செல்போனில் எடுக்காமல் 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். நீங்கள் யூனிகோடில் அடித்ததை டிடிபி கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் பிரியும். எங்களுக்கு முதல் ப்ரூஃபில் 'கொடுத்தார்' வந்த இடமெல்லாம் 'கெடுத்தார்' என்று வந்திருந்தது. 'பல குடும்பங்களைக் கெடுத்தார்' என்று எட்டாம் பக்கம். அண்ணிதான் பார்த்தார். ஒருத்தர் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தர் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க, அப்படித்தான் திருத்தணும். கண்ணால் மட்டும் ஓட்டினால் மூளை தானாகத் திருத்திக்கொள்ளும்.

கடைசி இரண்டு பக்கத்தைச் சும்மா விடுங்கள். நாங்கள் அதில் சிட்டை மாதிரி கோடு மட்டும் போட்டு, ஒரு பிரதியை மண்டியில் கல்லாப்பெட்டி பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பேனாவும் கட்டினோம். பேனா மூன்று தடவை காணாமல் போனது. வந்தவர்கள் எழுதினார்கள், அதில் பாதி 'வள்ளல்' வகைதான். சித்திரையில் ஒருநாள் ஒடுகத்தூர் பக்கத்து விவசாயி ஒருத்தர் வந்து நின்றுகொண்டே படித்துவிட்டு, எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதினார்: '1991 முன்பணம் 1200 பாக்கி. மொதலாளி கேக்கல.' மடியிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜிஎஸ்டி பில் போடுகிற பையன் இதை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கணக்குப்பிள்ளை தாத்தாவுக்குப் போன் போட்டார்.

"சாமி கணக்குல வரவு வையி" என்றார் தாத்தா. "லாபம்னு போட்டு ஆரம்பி."